எவிக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஷார்ஜா
ஜூன் 4

ரீபாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் சௌக்கியமா என்று கேட்டு முடிப்பதற்குள் நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. எதுவானாலும் ஈமெயிலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்துக் கவுன்சிலர் மேடம் சொன்னார்கள். நீயும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். சரி, எழுதுகிறேன். விஷயம் எவியைப் பற்றியது.

ஏப்ரலில் அவளுடைய லேப்டாப் பழுதாகிப் போனதிலிருந்து என் மகள் என்னோடு பேசுவதில்லை. அதுவரை வெள்ளிக்கிழமை தோறும் நான் இங்கே என் கம்ப்யூட்டர் முன்னாலும் அவள் அங்கே லேப்டாப் முன்னாலும் உட்கார்ந்து ஒரே விளையாட்டைச் சேர்ந்து ஆடுவோம். காதில் ஹெட்போன். "பப்பா, பின்னாடி பாருங்க, பின்னாடி", "அதுக்குள்ள செத்துட்டீங்களா, உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று திட்டிக்கொண்டே இருப்பாள். அந்தத் திட்டைக் கேட்டுவிட்டால் எனக்கு வாரம் முழுக்க வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இப்போது போன் பண்ணினால் "ம்", "சாப்பிட்டேன்", "மம்மிகிட்ட தரட்டா", அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெண்ணிடம் போனில் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

அவளுக்கு விளையாடத் தோதான ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் முழுசாக வாங்கினால் கட்டாது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் அறுபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம். பாதி நான், பாதி நீ. என்னென்ன வாங்க வேண்டும் என்று இதோடு அனுப்பியிருக்கிறேன். பத்து வருஷமாக இந்தக் கிடங்கில் வண்டிகளின் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிறவன் நான். எதோடு எது சேரும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து உன் புத்திசாலித்தனத்தை இதில் காட்டாதே.

சாஜன்

தோப்பும்படி, கொச்சி
ஜூன் 9

சாஜனுக்கு,

தயவுசெய்து என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தையிலேயே குத்துவதற்கு உங்களால் மட்டும்தான் முடியும்.

நம் கல்யாணத்தைத் தின்றது எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பெட்டிதான். லீவில் வந்த ஒரு மாதமும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பீர்கள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, கடைசியில் தட்டை உங்கள் மடியிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இப்போது அதே மாதிரி ஒன்றை என் கையாலேயே வாங்கி என் வீட்டிலேயே வைக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

கோர்ட்டு சொன்ன செலவுப்பணம் ஏப்ரலுக்கும் வரவில்லை, மே மாதத்துக்கும் வரவில்லை. கேட்டால் கம்பெனியில் சம்பளம் இழுக்கிறதாம். கம்ப்யூட்டர் என்றதும் எங்கிருந்தோ முளைக்கிறது. நான் இங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறாலைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் ஆனால் விரல் மடங்குவதில்லை. அந்தப் பணத்திலிருந்துதான் நான் பாதி தர வேண்டுமாம்.

இருந்தாலும் சம்மதிக்கிறேன். எவியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆனால் கம்ப்யூட்டர் ஹாலில்தான் இருக்கும், அவள் அறையில் வைக்க விடமாட்டேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், அப்போது நீங்கள் அந்தப் பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. இன்னொன்று. ரேமில் கலர் கலராக விளக்கு எரிய வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே, நாம் என்ன வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமா கட்டப் போகிறோம்?

ரீபா

ஷார்ஜா
ஜூன் 15

ரீபாவுக்கு,

விளக்கை விட்டுவிடு. அவள் சந்தோஷப்படுவாள் என்று போட்டேன், என் தப்பு.

மற்றதை மட்டும் கவனமாகப் படி. எது குறைந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டு குறையக் கூடாது. விளையாட்டுப் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது அதுதான். மொத்தப் பணத்தில் பாதிக்குப் பக்கம் அதற்கே போய்விடும். அதற்காகத்தான் மற்ற எல்லாவற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கிறேன். ப்ராசஸர் ஒரே பெயரில் இரண்டு வகை வரும். ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு குறைவு. குறைந்ததையே வாங்கு. அதில் ஒரு வசதி இருக்காது, அது நமக்குத் தேவையும் இல்லை. என்ன வசதி என்று விளக்க உட்கார்ந்தால், 'எனக்குக் கிளாஸ் எடுக்காதீங்க' என்பாய். அதனால் விட்டுவிடுகிறேன்.

கேபினட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டி, பெரியதாக இருக்கட்டும். அதோடு சும்மா தருகிற பவர் சப்ளை வேண்டாம், ஒரு நாள் புகை வரும். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கு. அவர்களே பூட்டி ஓட்டிக் காட்டித் தருவார்கள். என் பங்கு முப்பதாயிரத்தை அனுப்பிவிட்டேன். அது கார்டுக்கு. திரும்பவும் எழுதுகிறேன், அது கார்டுக்கு.

சாஜன்

தோப்பும்படி
ஜூலை 7

சாஜனுக்கு,

வாங்கினோம். பூட்டினோம். ஓடவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு சனிக்கிழமை, கொட்டுகிற மழையில், எறணாகுளத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் நல்லவர் மாதிரிதான் பேசினார். "சேச்சி, மொத்தமா எங்ககிட்டயே எடுங்க, பூட்டித் தர்றோம், விலையும் பார்த்துப் போட்டுத் தர்றோம்." பார்த்துத்தான் போட்டிருந்தார், ஒவ்வொரு சாமானிலும் இருநூறு முந்நூறு கூட. ப்ராசஸர் ஒரு கடையில் மலிவு, ரேம் இன்னொரு கடையில் மலிவு. எங்கே குறைவோ அங்கே வாங்கினேன். ஒரே கடையில் வாங்கு என்று முப்பதாயிரம் கொடுக்கிறவர் சொல்லலாம். மீதி முப்பதாயிரத்துக்கு நாக்குத் தள்ளுகிறவள் நான்.

எவி பத்தடி பின்னாலேயே வந்தாள். "மம்மி, மீன் மார்க்கெட் மாதிரி பேரம் பேசாதீங்க, எனக்கு வெட்கமா இருக்கு." "மீன் மார்க்கெட்ல பேரம் பேசித்தான்டி உனக்கு ஃபீஸ் கட்டறேன்" என்றேன். அதற்கப்புறம் பத்தடி இருபதடி ஆயிற்று. டீக்கடையில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினோம். எவி வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் பூட்டினேன். ஒரு ஸ்க்ரூ நழுவி மதர்போர்டுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கவிழ்த்து உலுக்கினோம். "மம்மி, இது மாமரமில்லை" என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

பட்டனை அழுத்தினோம். காற்றாடி சுற்றியது. திரையில் மட்டும் சிக்னல் இல்லை என்று வந்தது. கேபிளை மாற்றினோம், ரேமைக் கழற்றி மாட்டினோம், பக்கத்து வீட்டு டிவியைக்கூடக் கொண்டுவந்து செருகிப் பார்த்தோம். இருட்டு.

கார்டு வாங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள். நீங்கள் தர வேண்டியதைத் தரவில்லை, அதனால் உங்கள் முப்பதாயிரத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். கார்டு இல்லாவிட்டால் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், போனஸ் வந்ததும் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இப்போது எந்தப் பாகம் கெட்டிருக்கிறது? உடனே எழுதுங்கள். அந்தப் பெண் இன்னும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரீபா

ஷார்ஜா
ஜூலை 8

ரீபாவுக்கு,

ஒரு பாகமும் கெடவில்லை. கெட்டது என் தலையெழுத்து.

விலை கூடிய ப்ராசஸருக்குத் தானாகவே சாதாரணப் படத்தைத் திரைக்கு அனுப்பத் தெரியும். குறைந்ததற்கு அது தெரியாது. கார்டுதான் வாங்குகிறோமே, படத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றுதான் குறைந்ததை வாங்கச் சொன்னேன். நீ கார்டை நிறுத்திவிட்டாய். இப்போது உள்ளே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு கூடப் போட்டிருந்தாலும் படம் வந்திருக்கும், நான் சொன்னபடி கார்டு வாங்கியிருந்தாலும் வந்திருக்கும். ஒரே கடையில் வாங்கியிருந்தால் பூட்டுகிறவனே, 'கார்டு எங்கே சேச்சி' என்று கேட்டிருப்பான்.

கார்டுக்கு என்று இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவை. ப்ராசஸரைக் கொண்டுபோய் மாற்றிப் பார். எனக்கு இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

சாஜன்

தோப்பும்படி
ஜூலை 16

சாஜனுக்கு,

மாற்றப் போனேன். "பெட்டியைத் திறந்துட்டீங்களே சேச்சி, ப்ராசஸர் மேல சூடு ஆத்தற பசையும் தடவியாச்சு. இனி இதை நான் யாருக்கு விக்கறது?" என்று கையை விரித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கார்டு விலை கேட்டேன், ஜூனில் சொன்னதைவிட இரண்டாயிரம் ஏறியிருக்கிறது.

கார்டுக்கு என்று இரண்டு தடவை எழுதினீர்களாம். கார்டு இல்லாமல் படமே வராது என்று ஒரு தடவை எழுதினீர்களா? நாலு வார்த்தை. ரீபாவுக்குக் கிளாஸ் எடுத்தால் பிடிக்காது என்று கரிசனமாக விட்டுவிட்டீர்கள். நீங்கள் எல்லாவற்றையும் உங்கள் மண்டைக்குள்ளேயே முடிவு செய்துவிட்டு எனக்கு உத்தரவு மட்டும் அனுப்புவீர்கள். எனக்குப் புரியாதது கிடைத்தால் நான் என் புத்திக்கு எட்டியதைச் செய்வேன். பதினாறு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் செய்தது தப்பென்றே வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை எடுத்ததை உங்களுக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் சண்டை வரும் என்று எழுதவில்லை. சண்டை எப்படியும் வந்துவிட்டது.

எவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் போன்ல பேசியிருந்தா போதும் மம்மி. சண்டை போட்டுக்கிட்டாவது பேசியிருந்தா போதும்" என்றாள். அப்புறம் படுக்கை விரிப்பை எடுத்துவந்து கம்ப்யூட்டரின் மேல் போர்த்திவிட்டுப் போய்விட்டாள். யாராவது செத்துக் கிடக்கிற மாதிரி அது ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். நான் தையல் மிஷின் என்று சொல்கிறேன்.

ரீபா

ஷார்ஜா
ஆகஸ்ட் 20

ரீபாவுக்கு,

எங்கள் கிடங்கில் இருக்கும் குட்டப்பன் சேட்டன் ஓணத்துக்கு லீவில் வருகிறார். அவரிடம் ஒரு கார்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். புதிது இல்லை. இங்கே ஒருவர் கழற்றி விற்றார். நன்றாக ஓடும், பயப்படாதே. மாட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்து, பவர் சப்ளையிலிருந்து வருகிற கறுப்பு வயரைச் செருக மறக்காதே. இந்தத் தடவை எதையும் விடாமல் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எவி என்ன சொன்னாள் என்று எழுது.

சாஜன்

தோப்பும்படி
செப்டம்பர் 10

சாஜனுக்கு,

ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கார்டின் நீளம்.

நான் வாங்கிய கேபினட்டில் அது நுழையவில்லை. ஒரு விரல் அளவுக்கு இடிக்கிறது. பெரிய கேபினட் வாங்கு என்று எழுதியிருந்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக மாலை போட்டுக்கொள்ள வேண்டாம். மேஜைக்கடியில் வைக்க வேண்டும், ஹால் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் மாடி வீட்டுக்காரரிடம் ஆக்ஸா பிளேடு இரவல் வாங்கி, உள்ளே ஒரு தகட்டை அறுத்தெடுத்தோம். அரமும் ரம்பமுமாகப் பாதி நாள் போயிற்று. கையில் கீறல். ஆனால் படம் வந்துவிட்டது. "வந்துடுச்சு மம்மி" என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீங்கள் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் மனசுக்குள் உங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இந்த மனுஷன் மூன்று மாதமாக என் உயிரை வாங்கிவிட்டு, எல்லாம் தயாரானதும் காணாமல் போய்விட்டாரே என்று.

நேற்று எவி கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, இது பப்பாவோட கார்டு."

"யாரோ வித்ததை வாங்கி அனுப்பினாராம்டி."

"இல்ல மம்மி. இதே கார்டுதான். இதை வாங்கினப்போ ஒரு மாசம் பப்பா இதைப் பத்தியே பேசிட்டிருந்தார். எனக்கு மனப்பாடம். தன்னோடதுல இருந்து கழட்டிட்டார்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணிக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நேரே அறைக்குப் போய்விட்டாள். என்னிடம் ஏன் பொய் எழுதினீர்கள்?

ரீபா

ஷார்ஜா
செப்டம்பர் 12

ரீபாவுக்கு,

உண்மையை எழுதியிருந்தால் நீ அதை வாங்கியிருக்க மாட்டாய். புதிது வாங்க என்னிடம் பணம் இல்லை, அந்த முப்பதாயிரமே கடன் வாங்கி அனுப்பியது. மூன்று மாதச் சம்பளம் நிற்கிறது என்று நான் சொன்னதை நீ நம்பவில்லை, அதுதான் நிலைமை. நேற்று ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஏப்ரல் மாதச் செலவுப்பணத்தை அனுப்பியிருக்கிறேன். மீதியையும் தந்துவிடுவேன்.

எவி போனில் முதலில் என்னைத் திட்டினாள். அப்புறம் அழுதாள். கேபினட்டை அறுத்த கதையைச் சொன்னாள். புதுக் கேபினட்டைப் போய் அறுத்தீர்களே.

சாஜன்

தோப்பும்படி
நவம்பர் 18

சாஜனுக்கு,

ஓணம் போனஸை ஒருவழியாக இப்போதுதான் கொடுத்தார்கள். அதில் ஒரு கார்டு வாங்கிவிட்டேன். புதிது, சின்னது, கேபினட்டில் நுழைகிறது, அளந்துதான் வாங்கினேன். எவியே மாட்டினாள். உங்கள் கார்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். குட்டப்பன் சேட்டன் மாதிரி யாராவது இங்கிருந்து வந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

நன்றி எல்லாம் எழுத வேண்டாம். உங்கள் தியாகம் ஒன்று என் ஹாலில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு பழையபடி உங்கள் மகளோடு விளையாடுங்கள். அதற்காகத்தானே இத்தனை கூத்தும்.

ரீபா

ஷார்ஜா
நவம்பர் 24

ரீபாவுக்கு,

கார்டை அனுப்பாதே.

கோபத்தில் எழுதவில்லை, முழுதாகப் படி. என்னால் விளையாட முடியாது என்பதால் எவி இப்போது டியூஷன் முடிந்து நடந்து வரும்போது எனக்குப் போன் பண்ணுகிறாள். முதலில் அன்றைக்கு விளையாட்டில் என்ன நடந்தது என்று சொல்வாள். "நீங்க இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் தோத்திருப்போம் பப்பா" என்பாள். அப்புறம் மெதுவாக வேறு பேச்சு வரும். ரிதுஜா என்ற தோழி இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம், காரணம் தெரியவில்லையாம். கெமிஸ்ட்ரி பரீட்சையை நினைத்தால் பயமாக இருக்கிறதாம். கிளாஸில் ஒருவன் இவள் மூக்கைக் கிண்டல் பண்ணுகிறானாம், அது என் மூக்கு என்பதால் என்னையும் சேர்த்துத் திட்டுகிறாள்.

சேர்ந்து விளையாடிய நாளெல்லாம் அவள் என்னிடம் சொன்னது பின்னாடி பாருங்க, இடது பக்கம் ஓடுங்க, இவ்வளவுதான். அதைத்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டு அதற்காக உன்னோடு மல்லுக்கு நின்றேன். கார்டு வந்தால் இரண்டு பேரும் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்வோம். எனக்கு அது போதாது. நீயே வைத்துக்கொள், அல்லது விற்று மே மாதக் கணக்கில் கழித்துக்கொள்.

சாஜன்

தோப்பும்படி
டிசம்பர் 2

சாஜனுக்கு,

கார்டை விற்கவில்லை. அலமாரியில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. ரிதுஜாவை எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் ஏன் வருவதில்லை என்று நான் கேட்கவே இல்லை. எவி கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்குகிறாள், அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். மூக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குச் சோறு போட்டு, சீருடை தேய்த்து, மழையில் குடையோடு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறவள் நான். அவள் மனசில் இருப்பதை நான் ஷார்ஜாவிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் உங்களோடு பேச்சு முடியாது. பால்கனியில் நின்று சிரிப்பாள். காய்ந்த துணி எடுக்க நான் கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள். நான் உள்ளே வந்த பிறகு மறுபடியும் ஆரம்பிப்பாள். நேற்று துணியை எடுக்காமலே விட்டுவிட்டேன், மழையில் நனைந்துவிட்டது.

நான் அவளிடம் பேசுவதே இல்லை என்றில்லை. சாப்பிட்டாயா, படித்தாயா, குடை எடுத்தாயா, எல்லாம் கேட்கிறேன். "ம்" என்கிறாள். முதல் நாள் அவள் போனில் உங்களிடம் அழுது முடித்த பிறகு நீங்கள் அவளிடம் என்ன கேட்டீர்கள்? அதைக் கொஞ்சம் எழுதுங்கள், சாஜன்.

ரீபா